எண்ணூருக்கு உரிய இரண்டு சதவீதம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் படகிலிருந்து குனிந்து, வாளியாலும் மக்காலும் அதை அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கைகாட்டியது மணலியில் உள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது.

இழப்பீடு வேறு, கொடை வேறு. சட்டப்படி செய்தே தீரவேண்டிய வேலையை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவான சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக் கூடாது என்று 2021 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. சரியான விதி அது. சிக்கல் கொடைப் பணத்தில் இருக்கிறது.

2014 ஏப்ரல் 1 முதல், நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். ஆலை இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று 2021 ஆகஸ்டில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் கொடுத்துவிட்டது. புகையும் சாம்பலும் எண்ணூரில் தங்க, லாபத்தின் பங்கு எந்த ஊருக்கும் போகலாம்.

செலவாகாத பணத்தின் கதை இன்னும் மோசம். நடப்புத் திட்டங்களுக்கு ஒதுக்கியது போக மீதியை, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அதே சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள நிதிகளில் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். பிஎம் கேர்ஸ் அதில் உண்டு, கங்கைத் தூய்மை நிதியும் உண்டு. எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆற்றுக்கென்று ஒரு நிதி இல்லை. முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தந்தாலும் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று 2020 ஏப்ரலிலேயே அமைச்சகம் சொல்லிவிட்டது.

வடசென்னைக்குக் கொடை புதிதல்ல. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்துதான் ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. வயதானவர்கள் வாயில் அது இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். பசித்தவர் இருந்த இடத்திலேயே அடுப்பு மூட்டினார்கள். இப்போதைய சட்டத்தில் அந்த நெருக்கம் இல்லை. ஊருக்கு என்ன வேண்டும் என்பதை நிறுவனத்தின் இயக்குநர் குழு முடிவு செய்கிறது. எண்ணூரின் நெட்டுக்குப்பத்தையோ தாழங்குப்பத்தையோ கேட்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஒரு ஆர்ஓ குடிநீர் இயந்திரம், பேருந்து நிழற்குடையில் ஒரு பெயர்ப்பலகை என்ற அளவில் கடமை முடிந்துவிட முடியும்.

மாற்று வழி நாட்டிலேயே இருக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்காக 2015-ல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை, குத்தகைதாரர் கட்டும் பணத்தை அந்த மாவட்டத்துக்கே ஒதுக்குகிறது. அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் நெருக்கும் ஊருக்கு அதே உரிமை ஏன் கூடாது? 135-வது பிரிவின் முன்னுரிமையைக் கட்டாயமாக்கி, செலவாகாத பணம் வட்டார நிதிக்கே போக வேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தலாம்.

அதுவரை மாநில அரசு செய்யக்கூடியதும் உண்டு. எண்ணூரும் திருவொற்றியூரும் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் அங்கே கிராம சபை கிடையாது. ஆனால் 2022 முதல், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் பங்கேற்கும் ஏரியா சபைகள் கூடுகின்றன. சிஎஸ்ஆர் கடமை உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தன் சிஎஸ்ஆர் திட்டப் பட்டியலை ஏற்கெனவே இணையதளத்தில் வெளியிட வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலை அச்சடித்து, அடுத்த ஏரியா சபையில் வாசிக்கச் செய்யலாம்.