தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரியின் பின்புறம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எளிதில் தீப்பற்றும் என்று பொருள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவருக்கு ‘இன்’ என்றாலே எதிர்ப்பதம்தான். விசிபிள் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள் தெரியாதது. அந்தக் கணக்கில் இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்றுதானே ஆக வேண்டும்? ஆகாது. இந்த ‘இன்’ மறுக்க வந்ததல்ல. தீ மூட்டுவதைக் குறிக்கும் ‘இன்ஃப்ளமாரே’ என்ற லத்தீன் வினையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் ஒன்றே. தீப்பிடிக்காதது ‘நான்ஃப்ளேமபிள்’.

தேர்வில் தப்பு செய்தால் ஒரு மார்க் போகும். கிடங்கில் தப்பு செய்தால் உயிர் போகும். அதனால் இலக்கணக்காரர்களை முந்திக்கொண்டு தீத்தடுப்புக்காரர்கள் இதில் இறங்கினார்கள். 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனம் 1959இல் அதே வழிக்கு வந்தது. ரசாயனங்களுக்கான ஐ.நா. எச்சரிக்கை வாசகங்களிலும் இன்று ஃப்ளேமபிள்தான். நம்மூர் டேங்கர்களில் பழையதே ஓடிக்கொண்டிருக்கிறது. அகராதிப்படி பிழையில்லை. ஆனால் அவசரத்தில் படிக்கிறவர் கையில் அகராதியா இருக்கும்?

இப்படிக் குழப்பும் மற்ற ஆங்கிலச் சொல் ஜோடிகளில் இவ்வளவு ஆபத்து இல்லை. எகனாமிக் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிகல் சிக்கனமானது. நல்ல மைலேஜ் தரும் பைக் எகனாமிகல். ஹிஸ்டாரிகல் வரலாறு சார்ந்தது, ஹிஸ்டாரிக் வரலாற்றில் முக்கியமானது. ‘பொன்னியின் செல்வன்’ ஹிஸ்டாரிகல் நாவல், 1947 ஆகஸ்ட் 15 ஹிஸ்டாரிக் நாள்.

ஆங்கிலம் தாய்மொழியானவர்களே சண்டை போடும் ஜோடி ஒன்று உண்டு. அன்இன்டரஸ்டட் என்றால் ஆர்வமில்லாதவர். டிஸ்இன்டரஸ்டட் என்றால் தனக்கென்று ஆதாயம் எதுவும் இல்லாதவர். நீதிபதி இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். முதல் வகையாக இருந்தால் வாதம் நடக்கும்போதே கொட்டாவி விடுவார். வேடிக்கை என்னவென்றால், 17ஆம் நூற்றாண்டில் இந்த இரு சொற்களும் இடம் மாறிப் புழங்கியதுண்டு. இன்றும் பலர் டிஸ்இன்டரஸ்டட்டை ஆர்வமின்மைக்கே பயன்படுத்துகிறார்கள். நடுநிலைக்குத்தான் இம்பார்ஷியல் இருக்கிறதே, விட்டுவிடலாம் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. இம்பார்ஷியல் மனசைப் பற்றியது, டிஸ்இன்டரஸ்டட் பணப்பையைப் பற்றியது. ஒரு கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அந்தக் கம்பெனியின் வழக்கில் அவர் டிஸ்இன்டரஸ்டட் அல்ல.