கூர்மையான கத்தி கைக்குக் காவல்

ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊர். இங்குள்ள பல குடும்பங்களின் பெரியவர்கள் சுரங்கத்தில் உழைத்தவர்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அந்தப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாறையைத் துளைக்கும் இரும்பு மழுங்கினால் வேலை நடக்காது என்பார்கள்.

தோல் வேலையும் அப்படித்தான். செருப்பு, பை, பெல்ட் செய்பவர்களுக்குக் கத்திதான் சோறு போடுகிறது. அதை எப்படிப் பாதுகாப்பது?

மழுங்கிய கத்தியே ஆபத்து

கூரான கத்திதான் கையை வெட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மழுங்கிய கத்திக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அது தோலில் சுலபமாக இறங்காது. நாம் பலம் கொண்ட மட்டும் அழுத்துவோம். கத்தி வழுக்கும். தோலைப் பிடித்திருக்கும் மறு கையில் பாயும். கையில் காயம் பட்டால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. தோலும் பிய்ந்து வீணாகும்.

எத்தனை வகை?

தோலை வெட்ட ஒரு கத்தி உண்டு. ஓரத்தைச் சீவி மெல்லியதாக்க அகலமான உளி உண்டு. தோலின் மேல் பூ, கொடி செதுக்கச் சிறிய கத்தி உண்டு. ஓட்டை போடத் துளை உளி உண்டு.

ஆந்திராவில் தர்மாவரத்துக்குப் பக்கத்தில் நிம்மலகுண்டா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆட்டுத் தோலில் பாவைகள் செய்கிறார்கள். சிறு உளிகளால் தோலில் நிறைய ஓட்டைகள் போடுகிறார்கள். அந்த ஓட்டைகள் வழியே விளக்கு வெளிச்சம் வரும்போது நகையும் உடையும் மின்னும். உளி மழுங்கினால் ஓட்டையின் ஓரம் கிழிந்துவிடும். அந்த ஊர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவ் 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தீட்டும் முறை

கடைகளில் இரண்டு பக்கமும் தீட்டும் கல் கிடைக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு. மறு பக்கம் வழவழப்பு. கல்லை ஈரத் துணியின் மேல் வையுங்கள். அப்போது நகராது. கல்லில் தண்ணீர் அல்லது எண்ணெய் விடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

சீவும் உளிக்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும். அந்தச் சரிவு முழுவதும் கல்லில் படியும்படி வைத்துத் தேயுங்கள். இரு பக்கமும் சரிவுள்ள கத்தி என்றால் முதுகைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். கத்தியின் அகலம் 3 சென்டிமீட்டர் என்றால் முதுகு 1 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். தீட்டி முடியும் வரை உயரம் மாறக் கூடாது. மாறினால் முனை உருண்டு போகும்.

தேய்க்கத் தேய்க்க, மறு பக்கத்து ஓரத்தில் மெல்லிய பிசிர் எழும். பிசிர் வந்தால் அந்தப் பக்கம் போதும் என்று பொருள். இரு சரிவுக் கத்தியை அடுத்த பக்கமும் அதே அளவு தீட்டுங்கள். உளியின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுவதும் படிய வைத்து, லேசாக இழுத்துப் பிசிரை எடுங்கள். பிறகு வழவழப்பான பக்கத்திலும் இதேபோல் செய்யுங்கள்.

கடைசியில் தோல் வாரில் தீட்ட வேண்டும். முன்பு சவரக் கத்தியை நாவிதர் தோல் வாரில் தீட்டுவார் அல்லவா? அதே முறைதான். ஒரு பலகையில் தோல் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். கத்தியைப் பின்பக்கமாக மட்டும் இழுங்கள். முன்னே தள்ளினால் வார் அறுந்துவிடும். வேலைக்கு நடுவிலும் அவ்வப்போது பத்து முறை வாரில் இழுத்தால், கல்லைத் தேடும் நாட்கள் குறையும்.

கூர் வந்துவிட்டதா என்று விரலில் பார்க்காதீர்கள். ஒரு தோல் துண்டை வெட்டிப் பாருங்கள்.

சாணைச் சக்கரத்தில் கவனம்

வாய் உடைந்த கத்திக்குச் சாணைச் சக்கரம் தேவைப்படலாம். அடிக்கடி தண்ணீரில் முக்கித் தீட்டச் சொல்லுங்கள். சூடு ஏறி இரும்பு நீல நிறமானால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

துருவை விரட்டுங்கள்

கடுக்காய், ஆவாரம் பட்டை போட்டுப் பதப்படுத்திய தோலில் துவர்ப்புச் சத்து இருக்கும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுத்துப்போவது உங்களுக்குத் தெரியும். செதுக்கும் முன் தோலை நனைக்கிறோம். அந்த ஈரத்தில் கத்தியும் கறுக்கும், துருவும் பிடிக்கும். தோலிலும் கறை படியும். ஆகவே வேலை முடிந்ததும் கத்தியைத் துடையுங்கள். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். மறுநாள் அதைத் துடைத்துவிட்டு வேலை தொடங்குங்கள்.

பல நாள் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கத்தியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கை வெட்டுப்பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். சுகாதார நிலையத்துக்குப் போய், ரண ஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

கலந்து பேசுவோம்

1. மழுங்கிய கத்தி ஏன் ஆபத்தானது?
2. பிசிர் எழுந்தால் என்ன பொருள்?
3. உங்கள் வீட்டு அரிவாள்மணையைக் கடைசியாக எப்போது தீட்டினீர்கள்?