பறிபோகாத சொத்து

ஒரு தோடு காணாமற் போனாலே நமக்கு அன்றிரவு தூக்கம் வருவதில்லை. வீடு, கடை, நகை, பாத்திரம் அனைத்தும் ஒரே நாளில் பறிபோனால்?

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு நேர்ந்தது அதுதான். ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். வழியில் சோதனையிட்டு, பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்ததையும் வாங்கிக் கொண்டார்கள். அம்மாதம் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள்.

பெரும்பாலோர் புத்தளம் சேர்ந்தனர். அங்குள்ள மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து விட்டார்கள். சோறு சமைத்துக் கொடுத்தார்கள். ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டே தாய்மார் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஈமானையும் கல்வியையும் எந்தச் சோதனைச் சாவடியில் பறிக்க முடியும்?

1995இல் போர் மூண்டபோது அச்சுவேலி உள்ளிட்ட வலிகாமத்துத் தமிழ் மக்களும் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அவர்களில் பெருந்தொகையினர் புறப்பட்டதும் அதே ஒக்டோபர் 30இல்தான். இதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. இழந்தவளின் வலி இழந்தவளுக்குத்தானே தெரியும்!

ஸுஹைப் (ரலி) தம் செல்வம் முழுவதையும் குறைஷியரிடம் விட்டுவிட்டு மதீனா வந்தபோது, அவரது வியாபாரம் லாபமானது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அநியாயம் அநியாயம்தான், நியாயம் கேட்பதும் நம் உரிமை. ஆனால் சகோதரியே, போனதை எண்ணி அழுது முடித்ததும், எஞ்சியதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள், அண்டை வீட்டார், தொழுகை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல அது போதாதா?