தோட்டத்திற்கு வந்த தமிழ்: இசைத்தட்டும் திரைப்பாடலும் மலாக்காத் தமிழரும்

திரைப்படப் பாடலுக்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. திரையில் காட்சியோடு இணைந்து சில நிமிடங்கள் நிகழ்ந்து முடிவது முதல் வாழ்வு. காட்சியை விட்டுப் பிரிந்து, இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் வானொலியிலும் பல்லாண்டுகள் நீள்வது இரண்டாம் வாழ்வு. படத்தின் பாடல்களை மட்டும் பிரித்தெடுத்துத் தனியே வெளியிடும் தொகுப்பு இந்த இரண்டாம் வாழ்வின் கலம். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் வாழ்ந்த தமிழரின் மொழிக்கு இக்கலம் என்ன கொண்டுவந்தது, கலம் மாறிய ஒவ்வொரு முறையும் மொழி பெற்றதும் இழந்ததும் எவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டமும் மொழிச் சூழலும்

மலாயாவின் வணிகமுறை ரப்பர் வேளாண்மை மலாக்காவிலேயே தொடங்கியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பரவிய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். லயத்து வீடுகளில் வளர்ந்த பேச்சுத்தமிழ், ஊர்த்தமிழும் மலாய்ச் சொற்களும் கலந்த ஒரு தனி வழக்காக உருப்பெற்றது. ரப்பர் 'கித்தா' ஆயிற்று. மலாய்க்காரர் குடியிருப்பு 'கம்பம்' ஆயிற்று. கடை முதலாளி 'தவுக்கே' ஆனார். இவ்வழக்கு இழிந்தது அன்று. அன்றாட வாழ்வுக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆயினும், செம்மையான எழுத்துத்தமிழைச் செவியால் கேட்கும் வாய்ப்பு தோட்டத்தில் குறைவு. கோயில் திருவிழா, தோட்டப் பள்ளி ஆசிரியரின் வகுப்பு, எப்போதாவது நிகழும் கூத்து அல்லது சொற்பொழிவு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அவ்வாய்ப்பை வழங்கியது திரைப்பாடலே.

மூன்று நிமிடத் தமிழ்

எமில் பெர்லினர் உருவாக்கிய தொடக்கக் கால கிராமபோன் தட்டுகள் சில கடினமாக்கப்பட்ட ரப்பராலேயே செய்யப்பட்டன. பின்னரே அரக்குக் கலவைத் தட்டுகள் வழக்கிற்கு வந்தன. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியே அடங்கும். இவ்வெல்லை திரைப்பாடலின் வடிவத்தையே செதுக்கியது.

1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' தொடங்கி, தொடக்கக் காலப் படங்களில் பாடல்கள் மிகுந்திருந்தன. மேடை நாடக மரபில் அவை விரிந்தும் நின்றன. தட்டுக்குள் அடங்க வேண்டிய தேவை வந்தபோது, பல்லவியும் இரண்டு அல்லது மூன்று சரணங்களும் கொண்ட கட்டமைப்பு நிலைபெற உதவிற்று. அதற்கு மேல் நீண்ட பாடலைத் தட்டின் இரு பக்கங்களில் பிரித்துப் பதிந்தனர். அல்லது ஒரு பகுதியை விட்டுவிட்டனர். படத்தில் கேட்ட பாடலும் தட்டில் கேட்ட பாடலும் சில வேளை வேறுபட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறுக்கம் மொழி கற்போர்க்கு நன்மையாக அமைந்தது. சில வரிகளுக்குள் ஒரு கருத்து முழுமை பெறுகிறது. பல்லவி மீண்டும் மீண்டும் வருகிறது. எதுகையும் மோனையும் இயைபும் அடுத்த சொல்லை நினைவிற்கு இழுத்து வருகின்றன. எழுத்தறியாதவரும் ஒரு பாடலைப் பத்து முறை கேட்டபின் அதனை முழுமையாகச் சொல்ல இயலும். யாப்பிலக்கணத்தின் பெயரறியாமலே அதன் பயனை அவர் பெற்றுவிடுகிறார்.

ஒலிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தமிழ் ஒலிப்புக்கு எடுத்துக்காட்டாக விளங்கிய பின்னணிப் பாடகர் பலருக்குத் தமிழ் தாய்மொழி அன்று. டி.எம்.சௌந்தரராஜன் மதுரையில் சௌராட்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பி.சுசீலாவும் பி.பி.ஸ்ரீநிவாஸும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். லகர ளகர ழகர வேறுபாட்டை அவர்கள் பயிற்சியால் தம் நாவில் நிறுத்தினர். செவ்விய ஒலிப்பு பிறப்பால் வருவதன்று, கேட்டும் பழகியும் பெறுவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. தோட்டத்துச் சிறுவருக்கும் அதே வழி திறந்திருந்தது.

இலக்கியம் ஏறிவந்த தட்டுகள்

பாடல் தொகுப்புகளின் வழியே தோட்டத்தை அடைந்தவற்றுள் திரைக்கென எழுதப்படாத இலக்கியமும் உண்டு. 1947இல் வெளிவந்த ஏவி.எம். நிறுவனத்தின் 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்கள் இடம்பெற்றன, டி.கே.பட்டம்மாள் அவற்றைப் பாடினார். 1951இல் வந்த 'ஓர் இரவு' படத்தில், துன்பத்தில் ஆழ்ந்த உள்ளம் யாழிசையை வேண்டுவதாகப் பாரதிதாசன் இயற்றிய பாடல் இடம்பெற்றது. இவ்விரு படங்களுக்கும் இசையமைத்தவர் ஆர்.சுதர்சனம். கவிதை நூல் எளிதில் கிடைக்காத இடத்திலும் அக்கவிதை ஒலித்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமோ திரைப்பாடலையே உழைப்போர் குரலாக்கினார். 1959இல், 29 வயதில் அவர் மறைந்தாலும், உழைப்பின் மதிப்பையும் பங்கீட்டின் நீதியையும் எளிய சொற்களில் பாடிய அவர் பாடல்கள், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து செல்லும் மக்களுக்கு அந்நியமாகத் தோன்றக் காரணமே இல்லை.

பாடலைப் போலவே உரையாடலும் தட்டில் வந்தது. நெடுநேரம் ஒலிக்கும் தட்டு 1948இல் அறிமுகமானபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேலும் பதிய முடிந்தது. புகழ்பெற்ற படங்களின் கதை வசனங்களும் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. இரங்கூனில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதையாகத் தொடங்கும் 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்களின் வசனங்களைத் தமிழர் மனப்பாடமாகச் சொல்லி மகிழ்ந்தது நாம் அறிந்ததே.

'திருவிளையாடல்' இங்குத் தனித்துக் கருதத்தக்கது. தருமிக்கும் நக்கீரருக்கும் இறைவனுக்கும் இடையே நிகழும் சொற்போரின் நடுவே நிற்பது குறுந்தொகையின் 2ஆம் பாடல். இறையனார் பெயரில் வழங்கும் அச்சங்கப் பாடல், கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வினாவோடு சேர்ந்து ஒலிபெருக்கியின் வழியே எண்ணற்ற செவிகளை எட்டியது. நகைச்சுவைக்காகக் கேட்டவரும் 'பொருட்குற்றம்', 'சொற்குற்றம்' என்னும் சொற்களைக் கற்றுக்கொண்டனர். சங்க இலக்கியத்தை வகுப்பறைக்கு வெளியே இத்துணை எளிதாகக் கொண்டுசேர்த்த வேறு கருவியைக் காண்பது அரிது.

வானொலி சேர்த்த பெயர்கள்

கிராமபோன் பெட்டியையும் தட்டுகளையும் தாமே வாங்கும் வசதி தோட்டத்தில் எல்லோர்க்கும் இருந்ததில்லை. அக்குறையைப் போக்கியது வானொலி. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயாவின் தமிழ் ஒலிபரப்பும், சிற்றலையில் எட்டிய இலங்கை வானொலியும் இசைத்தட்டைப் பொதுச் சொத்தாக்கின. அவசரகால ஆண்டுகளில் அரசு தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை அமைத்தது. அரசின் நோக்கம் பரப்புரை. கேட்டவர்க்குக் கிடைத்ததோ பாட்டும் கூட.

வானொலி அறிவிப்பாளர் ஒவ்வொரு பாடலுக்கும் முன் அல்லது பின் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் ஆகியோரைச் சொல்லும் மரபு இங்குக் குறிப்பிடத்தக்கது. இதனால் கேட்போர் பாடலை ஒரு கவிஞரின் ஆக்கமாக அறிந்தனர். கண்ணதாசன் நடை இது, மருதகாசி நடை இது என்று படித்திராதவரும் பிரித்துச் சொல்லும் திறம் இம்மரபால் வளர்ந்தது. திரையரங்கில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் அதற்குத் துணை நின்றது. கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் அச்சிறு நூல், பாடல்களை எழுத்தில் தந்தது. செவியில் ஏறியதைக் கண்ணால் சரிபார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது.

தட்டிலும் வானொலியிலும் பாடல் படத்தைக் கடந்து வாழ்வது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாக்காவின் வீரன் கதையைச் சொல்லும் 'ஹங் துவா' (1956) மலாய்ப் படத்தை இயக்கியவர் வங்காளியான பணி மஜும்தார்; நாயகனாக நடித்து இசையும் அமைத்தவர் பி.ரம்லி. அவ்விசை ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. இந்திய இயக்குநர்கள் பலர் அன்றைய மலாய்த் திரையுலகில் பணியாற்றினர். தமிழ்ப் பாடலும் மலாய்ப் பாடலும் ஒரே வானொலிப் பெட்டியில் அடுத்தடுத்து ஒலித்த நாடு இது.

ஒலிநாடாக் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் தமிழ் இசை கேட்கும் முறையை மாற்றியது. 'அன்னக்கிளி' (1976) படத்தின் வழி இளையராஜா அறிமுகமான காலமும் இதுவே. தட்டு உடையும்; நாடா உடையாது. விலை குறைவு, எளிதில் எடுத்துச் செல்லலாம், வெற்று நாடாவில் விரும்பியதைப் பதியலாம். கேட்பவரே தொகுப்பாளர் ஆனார். பல படப் பாடல்களைத் தேர்ந்து ஒரே நாடாவில் பதிந்து தரும் கடைகள் பெருகின.

இவ்விடுதலைக்கு ஒரு விலையும் இருந்தது. பதிந்து தந்த நாடாவில் பாடலின் முதற்சொற்களும் படத்தின் பெயரும் எழுதப்பட்டன; இயற்றியவர் பெயர் விடுபட்டது. பாட்டுப் புத்தகமும் மெல்ல மறைந்தது. பாடல் பெருகியது, பாடலைப் பற்றிய அறிவு சுருங்கத் தொடங்கியது.

எதிர்த்திசை ஓட்டம்

நெடுங்காலம் பாடல் தமிழகத்திலிருந்து இங்கு வந்துகொண்டிருந்தது. புத்தாயிரத்தில் மறுதிசை ஓட்டமும் தொடங்கியது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' (2006) தொகுப்பு, 'நிழல்கள்' (1980) படத்தின் இளையராஜா பாடல் ஒன்றைச் சொல்லிசையோடு புதுப்பித்தது. அடுத்த ஆண்டு 'பொல்லாதவன்' படத்தில், 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்துக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் அமைத்த பாடலின் மறுவடிவில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2016இல் வெளிவந்த 'கபாலி' மலேசியத் தமிழரின் கதையையே எடுத்துக்கொண்டது. அதன் படப்பிடிப்பு மலாக்காவிலும் நடைபெற்றது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அதன் பாடல் தொகுப்பில் மலேசியச் சொல்லிசைக் கலைஞர் ரோஷன் ஜாம்ராக்கின் குரலும் உண்டு. கேட்கும் சமூகமாக இருந்த நாம், ஒலிக்கும் சமூகமாகவும் ஆகியிருக்கிறோம்.

இன்று செய்யத்தக்கன

இன்று பாடல் கைப்பேசியில் வருகிறது. எந்தப் பாடலும் எந்நேரமும் கிடைக்கிறது. ஆயினும் மூன்று இழப்புகளைக் கவனிக்க வேண்டும். இயற்றியவர் பெயர் பல வேளைகளில் முதற்பார்வைக்குத் தென்படுவதில்லை. பாடலை அறிவித்து அறிமுகம் செய்யும் குரல் இல்லை. சொற்களைக் காட்டும் இடங்களிலும் தமிழ்ப்பாடல் உரோமன் எழுத்தில் தரப்படுவதுண்டு. அங்கு லகர ளகர ழகர வேறுபாடு மங்கிவிடுகிறது.

இவ்விழப்புகள் ஏன் பெரியன என்பதை அறிய மலாக்காவிலேயே ஒரு வரலாறு உண்டு. காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள், தோட்டக் குடியேற்றத்திற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தமிழ் வழியினர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலையும் இந்து சமயச் சடங்குகளையும் அவர்கள் போற்றிக் காத்துள்ளனர். வீட்டுமொழியோ மலாயாக மாறிவிட்டது. அது அவர்களின் குறை அன்று, வரலாற்றின் போக்கு. சமயமும் சடங்கும் நிலைத்தாலும், கேட்டும் பேசியும் புதுப்பிக்கப்படாத மொழி நிலைப்பதில்லை என்பதே அது நமக்குத் தரும் பாடம். தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் தந்து, குடும்பங்கள் நகரங்களில் சிதறியுள்ள இந்நாளில், பல இளையோர் நாள்தோறும் கேட்கும் எழுத்துத்தமிழ் திரைப்பாடல் ஒன்றே. அது பொருள் விளங்காத ஓசையாக மட்டும் நின்றுவிடலாகாது.

ஆகவே மூன்று செயல்கள் உடனே தொடங்கத்தக்கன. முதலாவது, மலாக்காத் தமிழ்க் குடும்பங்களில் எஞ்சியுள்ள இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றை ஊர்தோறும் பட்டியலிட்டுப் படியெடுத்துக் காத்தல். ஈரமும் பூஞ்சையும் நமக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டாவது, எந்தப் பாடல் எந்தத் திருவிழாவில், எந்தத் திருமணத்தில், எந்த நேரத்தில் ஒலித்தது என்பதை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தல். தட்டைப் பின்னரும் தேடிப் பெறலாம், கேட்டவரின் நினைவை அவ்வாறு பெற இயலாது. மூன்றாவது, தமிழ்ப்பள்ளிகளில் வாரம் ஒரு பாடலை இயற்றியவர் பெயரோடு அறிவித்து, தமிழ் எழுத்தில் எழுதுவித்து, பொருள் சொல்லிப் பாடச் செய்தல். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் ஆசிரியரும், ஒரு கரும்பலகையும், மூன்று நிமிடப் பாடல் ஒன்றும் போதும்.