கொடிக் கயிறு யார் கையில்?

சுதந்திர தினம் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன நினைவுக்கு வரும்? மிட்டாய்தானே! தப்பில்லை. உங்கள் வயதில் நானும் மிட்டாய்க்காகத்தான் வரிசையில் நின்றேன். வாத்தியார் ஆன பிறகுதான் கொடிக் கம்பத்தை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

ஓசூருக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமப் பள்ளியில் வேலை பார்த்தேன். பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; சிலர் கன்னடம். ஆகஸ்ட் பிறந்ததும் அணிவகுப்புப் பயிற்சி தொடங்கிவிடும். "லெஃப்ட், ரைட்" என்று நான் கத்துவேன், புழுதி பறக்கும். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் ஒரு பையன் என்னிடம் வந்தான்.

"சார், கோலார்ல எங்க மாமா வீட்டுக்குப் போயிருந்தப்ப, மந்திரி வந்து கொடி ஏத்துனாரு. நம்ம ஜில்லாவுல மட்டும் ஏன் சார் கலெக்டர் ஏத்துறாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்டா" என்று சமாளித்தேன். அந்த நாளை வருவதற்குள் அவன் பள்ளியை விட்டே போய்விட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் நம் எல்லையைப் பாருங்கள். இன்று அத்திப்பள்ளியைத் தொட்டால் கர்நாடகம். சுதந்திரத்துக்கு முன் அது மைசூர் மகாராஜாவின் ராஜ்ஜியம். ஓசூரோ பிரிட்டிஷாரின் சென்னை மாகாணத்தில், சேலம் ஜில்லாவில் இருந்தது. 1938 ஏப்ரலில், அப்போதைய கோலார் ஜில்லாவைச் சேர்ந்த விதுராசுவத்தம் என்ற ஊரில், தடையை மீறி மூவர்ணக் கொடியை ஏற்ற மக்கள் கூடினார்கள். போலீஸ் சுட்டது. பலர் அங்கேயே உயிரை விட்டார்கள். அதே 1938இல் எல்லைக்கு இந்தப் பக்கம் யார் ஆட்சி தெரியுமா? காங்கிரஸ் ஆட்சி! மாகாணத்தின் பிரதமர் (அன்று முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்) ராஜாஜி.

1947 ஆகஸ்ட் 15 அன்று ஓசூர் சுதந்திர நாட்டின் ஊர். மைசூர் மகாராஜாவும் அந்த மாதமே இந்தியாவுடன் சேரக் கையெழுத்திட்டார். ஆனால் மக்களாட்சி உடனே வரவில்லை. அங்குள்ள மக்கள் மேலும் இரண்டு மாதம் போராடினார்கள். அக்டோபரில்தான் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் மந்திரிசபை அமைந்தது. சில மைல் தூரத்தில் எத்தனை வித்தியாசம் பாருங்கள்!

ராஜாஜி என்றேன் அல்லவா? அவர் நம்ம ஊர்க்காரர். 1878 டிசம்பர் 10ஆம் தேதி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். ஓசூரில் படித்தவர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவில்லம். ஓசூர்ப் பக்கம் இருந்துகொண்டு அதைப் பார்க்காதவர்கள், வரும் லீவில் அப்பா அம்மாவைத் தொந்தரவு செய்து போய்ப் பாருங்கள். பெரிய மாளிகை என்று நினைக்காதீர்கள், சாதாரண வீடுதான்.

அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியரும் அவரே. 1950 ஜனவரி 26 காலை 10 மணி 18 நிமிடம். தில்லியில் அரசு மாளிகையின் தர்பார் மண்டபத்தில் ராஜாஜி எழுந்து, இந்தியா குடியரசு ஆகிவிட்டது என்ற பிரகடனத்தை வாசித்தார். 10 மணி 24 நிமிடத்துக்கு ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். ஆறே நிமிடம்! குடியரசு வந்துவிட்டால் கவர்னர் ஜெனரல் என்ற பதவியே கிடையாது. தன் பதவி முடிந்தது என்பதைத் தானே வாசித்துவிட்டு இறங்கினார் ராஜாஜி. வகுப்பில் லீடர் பதவி போனதற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்!

அன்று பிற்பகல் குடியரசுத் தலைவர் குதிரை வண்டியில் ஊர்வலமாக இர்வின் ஸ்டேடியத்துக்குப் போனார். முதல் குடியரசு தின அணிவகுப்பு அங்கேதான் நடந்தது. இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ சிறப்பு விருந்தினர். டி.வி.யில் நீங்கள் பார்க்கும் அந்த அகலமான ராஜபாதைக்கு அணிவகுப்பு நிரந்தரமாக வந்தது 1955இல். 2022 முதல் அதன் பெயர் கர்த்தவ்ய பாதை.

சரி, பையனின் கேள்விக்கு வருவோம். 1974க்கு முன்பு, ஆகஸ்ட் 15 அன்றும் மாநிலங்களில் ஆளுநர்தான் கொடியேற்றினார். தில்லியில் பிரதமர் ஏற்றுகிறார். மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர் ஏற்றக் கூடாதா? இப்படிக் கேட்டவர் நம் முதல்வராக இருந்த மு. கருணாநிதி. பிரதமர் இந்திரா காந்தி ஒப்புக்கொண்டார். 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதல்வர்கள் ஏற்றுகிறார்கள். ஜனவரி 26 ஆளுநருக்கு. மாவட்டத் தலைநகரில் யார் என்பது அந்தந்த மாநிலத்தின் வழக்கம். கர்நாடகத்தில் மாவட்டப் பொறுப்பு மந்திரி, இங்கே கலெக்டர். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று!

அந்த மாவட்ட விழாவும் ஓசூரை நோக்கி மெல்ல மெல்லத்தான் நகர்ந்து வந்தது. முதலில் நமக்குத் தலைநகர் சேலம். 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி பிரிந்தது. அதற்கு முன்பு ஒரு தடவை, மாவட்ட விழாவில் ஆடுவதற்குப் பிள்ளைகளைத் தர்மபுரிக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பஸ். கையில் புளிசாதப் பொட்டலம். வழியில் இரண்டு பேருக்கு வாந்தி. கலெக்டர் ஜீப்பில் நின்று அணிவகுப்பைப் பார்வையிட்டார், புறாக்களைப் பறக்கவிட்டார், வயதான தியாகிகளுக்குப் பொன்னாடை போர்த்தினார். எங்கள் ஆட்டத்தின்போது ஒரு குட்டிப் பெண் மேடையிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டாள். கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம்.

இப்போது ஓசூரிலேயே அன்று காலை எத்தனை கொடி! சப்-கலெக்டர் அலுவலகம், 2019இல் மாநகராட்சியான நகரின் மேயர் அலுவலகம், சிப்காட் கம்பெனி வாசல்கள், பள்ளிகள். கிராமங்களில் ஊராட்சித் தலைவர்.

ஊராட்சித் தலைவர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2020 ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைப் பள்ளியில் கொடியேற்ற விடவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் அவர்! செய்தி வெளியே வந்தது. ஐந்து நாள் கழித்து, கலெக்டரும் போலீஸ் அதிகாரியும் உடன் நிற்க, அவரே கொடியை ஏற்றினார். 2022இல் தலைமைச் செயலாளர் எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது: சாதியைக் காட்டி எந்த ஊராட்சித் தலைவரையும் தடுக்கக் கூடாது என்று. நான் இந்தச் செய்தியைப் படித்த அன்று, விதுராசுவத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி ஆகஸ்ட். வர வேண்டிய விருந்தினர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. சத்துணவு சமைக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க ஏத்துங்கம்மா" என்றோம். "ஐயோ சார், நானா?" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முதல் இழுப்பில் முடிச்சு அவிழவில்லை. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது இழுப்பில் அவிழ்ந்தது. சாமந்திப் பூ முழுக்க அவர் தலையில்! தேசிய கீதம் முடிந்ததோ இல்லையோ, சமையலறைப் பக்கம் ஓடினார். அடுப்பில் கேசரி அடிபிடித்திருந்தது.