நேரத்தை ஒளித்து வைத்த வளையல்

'வாட்ச் ஆம்பிளைங்க சமாச்சாரம், பொம்பளைங்களுக்கு வளையல் போதும்' என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மை தலைகீழ், தோழிகளே! ஐரோப்பாவில் முதலில் கையில் கடிகாரம் கட்டியது பெண்கள்தான்.

நெப்போலியனின் தங்கை கரோலின், நேப்பிள்ஸ் நாட்டு ராணி. 1810-ல் பாரிஸில் பிரெகே என்ற கடிகாரக்காரரிடம் கையில் கட்டிக்கொள்ள ஒன்று செய்யச் சொன்னார். 1812-ல் முடிந்தது. முட்டை வடிவம். பட்டை எதில் தெரியுமா? தங்க இழையோடு சேர்த்துப் பின்னிய முடியில்! அதன் பிறகும் நூறு வருஷம் ஆண்கள் சங்கிலி போட்ட கடிகாரத்தைப் பையில்தான் வைத்திருந்தார்கள். கையில் கட்டினால் கேலி. 1914-ல் உலகப்போர் வந்து, பையைத் துழாவ நேரமில்லாமல் போனபோதுதான் கேலி நின்றது.

பெண்களுக்கு வேறு சிக்கல். விருந்தில் நாலு பேர் நடுவே ஒரு பெண் மணி பார்த்தால் மரியாதைக் குறைவாம். 'எப்போ கிளம்பலாம்' என்று அர்த்தமாம்! அதனால் நகைக்காரர்கள் டயலை வைர மூடிக்குள் ஒளித்தார்கள். பார்த்தால் பிரேஸ்லெட், மூடியைத் தூக்கினால் மணி. 'ரகசிய வாட்ச்' என்றே பெயர். குக்கர் விசில், ஸ்கூல் வேன் என்று மணி பார்த்தே ஓடுகிற நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கோபமும் வருகிறது.

வைரத்துக்கு இடம் விட வேண்டுமே, உள்ளே இருக்கிற இயந்திரமும் சிறுத்தது. 1929-ல் சுவிட்சர்லாந்தின் ஜெகர்-லெகூல்த்ரு செய்தது ஏறக்குறைய ஒரு கிராம்தான். ஒரு மூக்குத்தி எடை! 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு அதைத்தான் கட்டியிருந்தார்.

எனக்குப் பிடித்தது ரோம் நகரத்துப் புல்காரி நகைக்கடையின் பாம்பு வாட்ச். 1940-களின் கடைசியில் ஆரம்பித்தார்கள். தங்கப் பட்டையைப் பற்றவைக்காமலே சுருள் சுருளாகச் சுற்றுவார்கள். ஸ்பிரிங் மாதிரி கையோடு வளையும். இந்த வேலைக்கு 'டூபோகாஸ்' என்று பெயர். இத்தாலிய மொழியில் கேஸ் டியூப்! நம் சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவே கிடக்கிறதே, அந்தச் சாதிதான்.

பிறகு செதில் செதிலாகக் கோத்த தங்கப் பாம்பும் வந்தது. 'கிளியோபாட்ரா' படத்துக்காக 1962-ல் ரோமில் இருந்த எலிசபெத் டெய்லர் அதைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்த போட்டோ உலகம் முழுக்கப் போயிற்று. தலையில் வைரம், கண்ணுக்கு மரகதம். பாம்பின் வாயைத் திறந்தால்தான் மணி தெரியும். அவர் காலமான 2011-லேயே நியூயார்க் ஏலத்தில் அது 9,74,500 டாலருக்குப் போனது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதில் மணி பார்த்திருப்பாரா, எனக்குச் சந்தேகம்தான்.