ஒப்பந்தம் முடிந்தும் பில் வந்தது ஏன்?

கம்போங் மேடான் வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் கிள்ளானில் என்னோடு வந்து தங்கி நான்கு மாதமாகியிருந்தது. தம்பியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி: பழைய வீட்டின் இணையக் கட்டணப் பாக்கியைச் செலுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க அவன் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்த வாரம் அது.

“நான்தான் ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேனே, ஏம்மா பில் வருது?” என்றார் அப்பா.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால், இணைப்பு தம்பியின் அடையாள அட்டையில் பதிவானது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ரத்து செய்ய முடியும். அப்பாவின் அழைப்புக்குக் குறிப்பு எண்ணும் இல்லை. தம்பியோ வங்கி அட்டையில் தானாகக் கழியும் ஏற்பாட்டை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டான். பில்கள் அவன் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயின. மோடம் என் வீட்டு அலமாரியில் கிடந்தது.

“24 மாத ஒப்பந்தம் போன வருஷமே முடிஞ்சிருச்சே அக்கா?” என்றான்.

நம்மில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இணையமோ கட்டணத் தொலைக்காட்சியோ, 24 மாதம் என்பது பொதுவாகக் குறைந்தபட்சக் காலம். அதற்குள் விலகினால் தண்டம் உண்டு. அது முடிந்த பிறகும், நாம் ரத்து செய்யும்வரை சேவை மாதாமாதம் நீண்டுகொண்டே போகும். விலக முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் அது 30 நாள். உங்களுடையதில் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் கழிவு விலையையோ புதிய வேகத்தையோ ஏற்றிருந்தால், 24 மாதம் முதலிலிருந்து தொடங்கியிருக்கவும் கூடும்.

கட்டாத பில் பாக்கி சிடிஓஎஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறலாம். வீட்டுக் கடனோ கார் கடனோ கேட்டுப் போகும்போது வங்கி அதைப் பார்க்கும். தம்பி பயந்ததும் அதற்குத்தான். பாக்கி முழுவதையும் கட்டினோம். பிறகு அவனே கிளைக்குப் போய் ரத்துப் படிவத்தில் கையெழுத்திட்டு, மோடத்தை ஒப்படைத்து ரசீது வாங்கினான்.

வீடு மாறுகிறவர்கள் முதலில் இணைப்பைப் புது முகவரிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், கணக்குக்குரியவரே எழுத்துபூர்வமாக ரத்து செய்யட்டும். குறிப்பு எண், சேவை நிற்கும் தேதி, மோடம் ரசீது மூன்றையும் வாங்குங்கள். கடைசி பில் வரும்வரை தானியங்கிக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள்.

அப்படியும் பில் வந்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். தீர்வு இல்லையென்றால் 2001-இல் அமைந்த மலேசியத் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்தை நாடலாம். சிஎஃப்எம் என்றால் பலருக்குத் தெரியும். புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால், கையில் ஆதாரம் வேண்டும்.

எங்களிடம் அன்று அது இல்லை. இப்போது அந்த மோடம் ரசீது, அப்பாவின் பிஸ்கட் டின்னில் பிறப்புப் பத்திரங்களோடு பத்திரமாக இருக்கிறது.